பார்க்கும் போனும் படைக்கும் போனும்

கொழும்பில், வெள்ளவத்தையில் சாறிக் கடை வைத்திருப்பவர், கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே கேக் அடித்து விற்பவர், பம்பலப்பிட்டியில் ஏ.எல். மாணவருக்கு இரசாயனவியல் வகுப்பெடுப்பவர். தொழில் மூன்றும் வேறு வேறு. ஆனால் மூவருக்கும் இப்போது இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது, அது ஒரே வேலை: ரீல் போடுவது. நியமனக் கடிதம் கிடையாது, சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. ஒரு நாள் போடாவிட்டால் யாரும் கேட்கப்போவதுமில்லை. ஆனாலும் இரவு பத்து மணிக்குக் கோப்பைகளைக் கழுவி வைத்ததும் மனதில் வருவது, "இன்றைக்கு ஒன்றும் போடேல்லையே" என்பதுதான்.

இந்தக் களைப்புக்கு எல்லோரும் சொல்லும் மருந்து, போனைக் குறையுங்கள் என்பது. போனே கடைவாசலாக இருப்பவருக்கு அது உதவாத புத்தி. இங்கே சுமை இரண்டு. ஒன்று பார்க்கிற சுமை, மற்றது படைக்கிற சுமை. இரண்டும் ஒரே கருவியில், ஒரே ஆப்பில் கிடப்பதால் ஒன்றின் களைப்பு மற்றதன் தலையில் விழுகிறது. ஐடியா தேடவென்று இன்ஸ்டகிராமைத் திறக்கிறோம். நாற்பது நிமிடம் கழித்து மூடும்போது ஐடியா கிடைத்திருக்காது. மற்றவர்கள் செய்வதெல்லாம் நம்முடையதைவிட வடிவு என்ற எண்ணம்தான் மிஞ்சியிருக்கும். அந்த மனதோடு கமராவுக்கு முன்னால் நின்றால் வாய் திறக்காது. ஆகவே குறைப்பதற்கு முன் பிரிக்க வேண்டும்.

பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வீரகேசரி 1930 முதல் வருகிறது. எவ்வளவு பெரிய செய்தி நடந்தாலும் அன்றைய பேப்பர் ஓரிடத்தில் முடிந்துவிடும், மடித்து வைக்கலாம். திரையில் அந்த மடிப்பை எடுத்துவிட்டார்கள். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருக்கும் முடிவில்லாத பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர் அசா ரஸ்கின். பிற்காலத்தில் அதற்காக அவரே வருத்தம் தெரிவித்தார். தகவல் பெருகினால் வற்றிப்போவது கவனம்தான் என்று பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1971இலேயே எழுதிவிட்டார். சோஃபி லெரோய் 2009இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவினால் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடும் என்கிறது அது. ஐம்பது ரீல் பார்த்துவிட்டு எடிட்டிங்கில் உட்கார்ந்தால் ஏன் கை ஓடுவதில்லை என்பது இப்போது விளங்கும்.

முதல் வேலை அளப்பது. அண்ட்ரொய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஒரு கிழமைக்கு எதையும் மாற்றாமல் பாருங்கள். பெரும்பாலானோர் மொத்த மணித்தியாலத்தை மட்டும் பார்த்துத் திடுக்கிட்டு நின்றுவிடுவார்கள். அதைவிட முக்கியமானவை இரண்டு எண்கள்: நாளொன்றுக்கு எத்தனை தடவை போனைத் திறந்தோம், எத்தனை அறிவிப்பு வந்தது. இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து ஒரே வீடியோவைப் பார்ப்பவரைவிட, அதே இரண்டு மணித்தியாலத்தை எண்பது துண்டாக்கிப் பார்ப்பவர்தான் அதிகம் களைப்பார். எந்த ஆப்பில் பார்க்கிறோம், எதில் படைக்கிறோம் என்று இரண்டு நிரலாகக் கொப்பியில் எழுதினால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

பிறகு பார்க்கிற பக்கத்தை வெட்டலாம். ஆப்புக்கு நேரக் கட்டுப்பாடு போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது பெரும்பாலும் தோற்கும். ஐபோனில் நேரம் முடிந்ததும் வரும் திரையிலேயே 'இன்றைக்கு விட்டுவிடு' என்ற பொத்தானும் இருக்கிறது. மூன்றாம் நாள் விரல் அதைத் தானாகவே தட்டிவிடும். இதைவிடப் பலன் தருவது ஆப்பை அழித்துவிட்டு மடிக்கணினியில் பிரவுசர் வழியாகப் போவது, ஒவ்வொரு தடவையும் வெளியேறிவிடுவது. கடவுச்சொல் அடிக்கும் பத்து செக்கனில் பாதித் தடவை ஆசை போய்விடும்.

அழிக்க முடியாதவர்களுக்கு ஆப்புக்குள்ளேயே சில வழிகள் உண்டு. மெனுக்கள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுவதால் பெயரை வைத்துத் தேடுங்கள். யூடியூபில் பார்த்தவற்றின் பதிவை, அதாவது வொச் ஹிஸ்டரியை, நிறுத்தி அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் வெறுமையாகிவிடும். தேடல் பெட்டி மட்டும் மிஞ்சும். இது 2023 ஓகஸ்ட் முதல் இருக்கிறது. அதற்கு விலை, பாதியில் விட்ட வீடியோ எது என்று யூடியூப் நினைவு வைத்திருக்காது. பேஸ்புக்கில் 'பீட்ஸ்' என்ற பகுதி நாம் சேர்த்தவர்களின் பதிவுகளைக் கால ஒழுங்கில் தரும். இன்ஸ்டகிராமில் 'பொலோயிங்' பட்டியல் அப்படியே. பரிந்துரைகளை அடியோடு அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதியும் இன்ஸ்டகிராமில் உண்டு. ஆனால் அழித்த பிறகு முதல் இரண்டு நாள் எதைப் பார்க்கிறோமோ அதையே ஆப் மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு நாளும் சண்டை வீடியோ பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

வட்ஸ்அப் வேறு ரகம். கொழும்பில் ஒரு சராசரித் தமிழ்க் குடும்பத்துக்குத் தொடர்மாடிக் குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் குழு, பழைய மாணவர் குழு, கோயில் குழு, கனடா லண்டன் சொந்தக்காரர் குழு என்று குறையாமல் ஐந்தாறு இருக்கும். விலகினால் மனஸ்தாபம். விலக வேண்டாம், 'எப்போதும்' என்று மௌனமாக்கி ஆர்க்கைவுக்குள் தள்ளுங்கள், புதுத் தகவல் வந்தாலும் மேலே வராது. மீடியா தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்கள் நிறைந்த போனில் உங்கள் வீடியோவுக்கு இடமிருக்காது. உங்களைக் குழுவில் சேர்க்கக்கூடியவர்கள் யார் என்ற தெரிவையும் மாற்றிவையுங்கள்.

தொழில் செய்பவர் இரண்டாவது சிம் ஒன்றில் வட்ஸ்அப் பிசினஸ் போடுவதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிக மலிவான திருத்தம். ஆப் இலவசம். வேலை நேரத்துக்கு வெளியே வருபவர்களுக்குத் தானாகப் பதில் போகும்படி வைக்கலாம்: "காலை 9 முதல் மாலை 6 வரை பதில் சொல்வோம். விலைப்பட்டியல் கீழே." இரவு பதினொன்றரைக்கு "அக்கா, ஒரு கிலோ எவ்வளவு?" என்று கேட்பவருக்கு உடனே பதில் கிடைக்கும், அக்காவும் நித்திரை கொள்ளலாம்.

படைக்கிற பக்கத்துக்கு வருவோம். வீட்டு அலுமாரியில் பழைய போன் ஒன்று கிடக்குமென்றால் அதுதான் இனிப் படைக்கும் போன். சிம் வேண்டாம். கமரா, எடிட்டிங் ஆப் ஒன்று, பேஸ்புக் இன்ஸ்டகிராம் பக்கங்களை நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட், யூடியூப் சனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோ. இவ்வளவும் போதும். கடைசி இரண்டிலும் உள்ள நன்மை, மற்றவர்களின் பதிவு ஒன்றையும் காணாமலே உங்கள் பதிவை ஏற்றலாம், நேரம் குறித்துவைக்கலாம், கொமெண்டுக்குப் பதில் போடலாம். இன்ஸ்டகிராமும் டிக்டொக்கும் அந்தப் போனில் இருக்கவே கூடாது. பின்பக்கம் ஊதியிருந்தால் பட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடாமல் முதலில் மாற்றுங்கள். இடமும் பாருங்கள்: ஐபோனில் 1080 தரத்தில், செக்கனுக்கு 30 பிரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி, புதிய சுருக்க முறையில் 60 எம்பி. 4கே தேவையில்லை. பார்ப்பவர் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி உள்ளங்கை அளவு திரையில்தான் பார்க்கிறார்.

இனி நேரக் கணக்கு. ஒரு நிமிட ரீல் ஒன்றுக்கு யோசிக்க 30 நிமிடம், சாமான் ஒதுக்கி வெளிச்சம் பார்க்க 25, எடுக்க 40, வெட்டி ஒட்ட 90, எழுத்துப் போட 30, தலைப்பெழுதி ஏற்ற 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 230 நிமிடம், கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம். 'தினம் ஒன்று போட வேண்டும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டால் கிழமைக்கு 27 மணித்தியாலம் போய்விடும். அது ஓர் அரைநேர உத்தியோகம். கேக் எப்போது அடிப்பது?

நான்கு ரீலைச் சேர்த்து ஒரே மூச்சில் செய்தால் யோசிக்க 60, ஒதுக்க 25, எடுக்க 100, வெட்ட 200, எழுத்துக்கு 80, நேரம் குறித்து ஏற்ற 20. 485 நிமிடம், எட்டு மணித்தியாலம்; தனித்தனியாகச் செய்தால் பதினைந்துக்கு மேல். மிச்சம் எங்கிருந்து வருகிறது? மேசையையும் வெளிச்சத்தையும் ஒரு தடவைதான் சரிசெய்கிறோம். எழுத்துரு, நிறம், கடைசிச் சட்டம் எல்லாம் ஒரே அச்சு. நான்காவதை எடுக்கும்போது நாக்கும் பழகிவிடும். எடுப்பதை ஒரு நாளும் வெட்டுவதை இன்னொரு நாளும் வையுங்கள். அன்றே வெட்ட உட்கார்ந்தால் நம் முகம் நமக்கே பிடிக்காது. கிழமைக்கு ஒன்று என்று வைத்தால் நான்கு ரீல் ஒரு மாதம். கையிருப்பில் எப்போதும் நான்கு இருக்கட்டும், இரண்டாகக் குறைந்தால் அடுத்த எடுப்பு. சிறு வியாபாரத்துக்குக் கிழமைக்கு ஒன்று தாராளம்.

சொல்லப்போவதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பேச்சுத் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்தால் கணக்குச் சரியாக வரும். 45 செக்கனுக்கு 75 சொல், ஏழெட்டு வசனம். "வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு நாங்க பார்க்கப்போறது" என்பதை வெட்டுங்கள். அதிலேயே ஐந்து செக்கன் போய்விடும், பார்ப்பவரும் போய்விடுவார்.

திரும்பத் திரும்ப எடுக்க வைத்து மனிதரைச் சலிப்படையச் செய்பவை பெரும்பாலும் சின்னத் தொழில்நுட்பக் கோளாறுகள். எல்.ஈ.டி. விளக்கின் கீழ் எடுத்ததில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா? நம் மின்சாரம் 50 ஹேட்ஸ். கமரா 30 அல்லது 60 பிரேமில் இருந்தால் சில விளக்குகள் துடிப்பது தெரியும். 25க்கு மாற்றுங்கள், அல்லது ஷட்டரை 1/50, 1/100 இல் நிறுத்துங்கள். முடியாவிட்டால் விளக்கை அணைத்து ஜன்னலோரம் போங்கள். கடல் பக்கம் பார்த்த வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கும். காலை 8 முதல் 10 வரை அதே ஜன்னல் மெதுவான வெளிச்சம் தரும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும், பத்து நிமிடம் பொறுங்கள்.

சத்தம்தான் கொழும்பின் பெரிய வில்லன். காலி வீதி பஸ் ஹோர்ன், கரையோர ரயில், மேலே பேன். பேனை நிறுத்தினால் வேர்க்கும். கேக்காரருக்கோ பட்டர் ஐசிங் இளகிவிடும். தீர்வு, படத்தைப் பேன் ஓடும்போதே எடுத்துவிட்டுக் கதைப்பதைப் பிறகு தனியாகப் பதிவுசெய்து ஒட்டுவது. உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதற்கு முன்னால் நின்று கதைத்தால் எதிரொலி குறையும். வயர் வைத்த கொலர் மைக் ஒன்றை நாடியிலிருந்து ஒரு சாண் கீழே குத்தினால் போதும்.

தமிழ் எழுத்தில் இன்னொரு கரைச்சல். சில எடிட்டிங் மென்பொருட்களில் கொ, கோ, கை எல்லாம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். யூனிக்கோடில் அடித்து நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் சிதறினால் எழுத்தை வேறொரு ஆப்பில் பின்னணியில்லாத பி.என்.ஜி. படமாக்கி மேலே வையுங்கள். திரையின் கீழ்க் கால்வாசியில் எழுத்து வேண்டாம், ஆப்பின் தலைப்பும் பொத்தான்களும் மறைக்கும்.

கொழும்புக்கே உரிய அழுத்தம் இரண்டு உண்டு. ஒன்று மும்மொழி. தமிழில் போட்டால் சிங்கள வாடிக்கையாளர் கோவிப்பாரோ, ஆங்கிலம் இல்லாவிட்டால் மதிப்பில்லையோ என்று ஒரே வீடியோவை மூன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பேச்சு ஒரு மொழியில் இருக்கட்டும். விலை, இடம், தொலைபேசி எண் மட்டும் மூன்று மொழியிலும் எழுத்தாக வரட்டும். மற்றையது புலம்பெயர்ந்தோர் நேரம். லண்டனில் மாலை 7 என்றால் இங்கே கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. டொரண்டோவில் மாலை 7 என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 4.30 அல்லது 5.30. அதற்காக அலாரம் வைத்து எழும்புவோர் உண்டு. நேரம் குறித்துவைக்கும் பொத்தான் இருப்பதே இதற்காகத்தான்.

எண்களை நம்புவதற்கு முன் அவை எப்படி எண்ணப்படுகின்றன என்று தெரிய வேண்டும். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷோர்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. பார்த்தவர் அரைச் செக்கனில் தள்ளிவிட்டாலும் கணக்குத்தான். பணத்துக்கும் தகுதிக்கும் எடுபடுவது ஸ்டூடியோவில் 'எங்கேஜ்ட் வியூஸ்' என்று தனியாக இருக்கும் சின்ன எண். யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர் வேண்டும், அதோடு பன்னிரண்டு மாதத்தில் 4000 மணித்தியாலப் பார்வை அல்லது தொண்ணூறு நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வை. நீண்ட வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம், ஷோர்ட்ஸில் உங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஒரு பின் இலக்கம் தபாலில் வரும், இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். ஒழுங்கை, மாடி, வீட்டிலக்கம் மூன்றையும் தெளிவாக எழுதாவிட்டால் தொடர்மாடியின் கீழ்ப் பெட்டியிலேயே தொலைந்துவிடும். காசு கைக்கு வர 100 டொலர் சேர வேண்டும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள்.

சிறு வியாபாரிக்கு இந்தக் காசு முக்கியமே இல்லை. லட்சம் பார்வை வந்த கேக் வீடியோவின் புள்ளிவிபரத்தில் நாடு வாரியாகப் பாருங்கள். பெரும்பகுதி தமிழ்நாடாக இருந்தால், சென்னையிலிருந்து ஒருவரும் கொட்டாஞ்சேனைக்கு ஓடர் தரப்போவதில்லை. கேட்டு வருபவர் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள். எட்டுக் கிழமை எழுதினால், ஓடர் கொண்டுவந்தது பக்கத்து வீட்டு அன்ரி சொன்ன வார்த்தையா, ரீலா என்று தெரியும். ஒன்றும் தராத தளத்தைக் கைவிடுங்கள். நான்கு தளத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

அந்தக் கொப்பியில் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன, வட்ஸ்அப்பும் சேர்ந்தே. எஸ்.எம்.எஸ். அனுப்ப எண் வைத்திருந்தவர் வியாபாரம் செய்தார்.

பதிவை ஏற்றிய பிறகு எண்ணைத் திறந்து திறந்து பார்ப்பது தனி நோய். லைக் அறிவிப்பை அணையுங்கள், வாடிக்கையாளர் தகவல் மட்டும் வரட்டும். ஸ்டூடியோவின் சில புள்ளிவிபரங்கள் ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் நிரம்பும், ஆகவே அன்றே பார்ப்பது அரைவேக்காட்டுச் சோற்றைத் திறந்து பார்ப்பதுதான். கெட்ட கொமெண்டுகளுக்குத் தடைச்சொல் பட்டியல் போடலாம். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழ்த் தூஷணம் எழுதுபவர்கள் ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுதுவார்கள். ஐந்தையும் சேர்க்க வேண்டும், சிங்களத்தையும். பெண்கள் முகம் காட்டிப் போடும் பக்கமென்றால் அந்தப் பட்டியலை வீட்டில் வேறொருவர் செய்து கொடுப்பது நல்லது. நித்திரையின்மையும் மனப்பாரமும் இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால் அது ரீல் விஷயமில்லை. 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

லீவும் வேலைத்திட்டத்தில் இருக்க வேண்டும். போயா தினங்களை எடுத்துக்கொள்ளுங்கள், மாதத்துக்கு ஒன்று நாட்காட்டியிலேயே இருக்கிறது. நீண்ட இடைவேளை என்றால் 'இன்ன திகதி வரை ஓடர் எடுக்கமாட்டோம்' என்று ஒரு படம் மேலே பின் செய்யுங்கள். திரும்பும்போது 'இவ்வளவு நாளும் காணவில்லையே என்று நினைத்திருப்பீர்கள்' என்ற விளக்க வீடியோ வேண்டாம். யாரும் நினைத்திருக்கமாட்டார்கள், நேரே கேக்கைக் காட்டுங்கள்.

நேரம் குறித்துவைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. வெள்ளமோ குண்டோ ஊரே துக்கத்தில் இருக்கும் நாளில், பத்து நாளுக்கு முன் குறித்துவைத்த கொண்டாட்ட வீடியோ தானாக வெளியே போகும். ஆகவே கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் கொடுத்துவையுங்கள். அன்று காலையில் யாராவது ஒருவர் மெட்டா பிசினஸ் சூட்டின் பிளானரையும் யூடியூப் ஸ்டூடியோவையும் திறந்து, வரிசையில் நிற்பதையெல்லாம் இரண்டு கிழமை தள்ளி வைத்துவிட வேண்டும்.